கல்லீரல் அறுவையில் அல்ட்ராசவுண்ட்: புரோப்பை முதன்முதலாகக் கையில் வாங்குபவர்களுக்கு

வயிறு திறந்தாயிற்று, கல்லீரல் கண்முன் இருக்கிறது, அல்ட்ராசவுண்ட் ஒலியை அனுப்பிப் பெறும் புரோப்பும் கைக்கு வந்துவிட்டது. புதியவர் உடனே கட்டியைத் தேடத் தொடங்குவார். கொஞ்ச நேரத்தில் கறுப்பாக ஏதோ தெரியும், "இதோ இருக்கு" என்பார். எந்தச் செக்மென்ட் (கல்லீரலைப் பிரித்துச் சொல்லும் எட்டுப் பகுதிகளில் எது), எந்தச் சிரைக்கு எத்தனை மில்லிமீட்டர் தள்ளி என்று கேட்டால் விழிப்பார். கட்டி எங்கும் ஓடிவிடாது. முதலில் இரத்தக் குழாய்களைப் படியுங்கள். கல்லீரலுக்குள் இடம் சொல்ல வேறு அடையாளம் கிடையாது. கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது.

சிங்கப்பூர் மருத்துவமனைகளில் சர்ஜரி பக்கம் புதிதாக வந்திருக்கும் மெடிக்கல் ஆபிசர்களுக்கும், கல்லீரல் ஆபரேஷன் தியேட்டரில் ஸ்க்ரப் செய்யத் தொடங்கியிருக்கும் தாதியருக்கும் இதை எழுதுகிறோம். மூத்தவர் பக்கத்தில் நிற்கும்போது கையால் பழகவேண்டிய வேலை இது. படித்துவிட்டுப் போனால் அவர் சொல்வது சீக்கிரம் பிடிபடும், அவ்வளவுதான்.

இங்கே மேசைக்கு வரும் கல்லீரல்கள் பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, ஹெபடைட்டிஸ் பி பல ஆண்டு தங்கி, தழும்பேறி, முடிச்சு முடிச்சாகிப் போனது. பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அதற்கான தடுப்பூசி சிங்கப்பூரில் 1987-இல் வந்தது; அதற்கு முந்தைய தலைமுறையில் கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோயை இன்றும் நிறையப் பார்க்கிறோம். இன்னொன்று, பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, கீமோதெரபி முடித்துவிட்டு வருவது. இரினோடெகான் வாங்கிய கல்லீரலில் கொழுப்பும் அழற்சியும் சேரும், ஆக்ஸாலிபிளாட்டின் வாங்கியது நீலம் பாரித்து வீங்கி இருக்கும். நீரிழிவால் வரும் கொழுப்புக் கல்லீரல் இந்த இரண்டோடும் கலந்து வரும். முடிச்சு விழுந்த கல்லீரலில் எல்லாமே கட்டிபோலத் தெரியும். கொழுப்பேறியதில் ஒலி ஆழத்துக்குப் போகாமல் மங்கும். எந்த வகை என்பதை முதல்நாளே கேஸ் நோட்டில் பார்த்துவிடுங்கள்.

நோயாளியின் வீட்டார் வார்டில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சிடி, எம்ஆர்ஐ எல்லாம் எடுத்தாச்சே டாக்டர், உள்ளேயும் எதுக்கு ஸ்கேன்?" இதற்குத் தமிழில் பதில் சொல்லும் பொறுப்பு நம்மிடம்தான் வரும். "அம்மா, அந்தப் படம் எடுத்துச் சில வாரம் ஆகுது. வயித்தைத் திறந்து கல்லீரலைப் புரட்டினதும் அதோட வடிவமே மாறிடும். இப்ப எங்க வெட்டணும்னு அந்த நேரத்துல பார்த்துத்தான் முடிவு பண்ண முடியும். சின்னதா புதுசா ஏதாவது இருந்தாலும் தெரிஞ்சிடும்." இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. திறந்து பார்த்தபின் திட்டம் மாறக்கூடும் என்பதை மட்டும் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

முந்தைய நாளும் கருவியும்

ஒரு தாளில் ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: செக்மென்ட் எண், அளவு, பக்கத்தில் எந்தக் குழாய், மேற்பரப்பிலிருந்து எத்தனை ஆழம். கீமோவுக்கு முந்தைய படத்தையும் சேர்த்துப் பாருங்கள். கீமோவில் சுருங்கிப் படத்திலிருந்து மறைந்துபோன கட்டிகளைத் தேடும்போது அந்தப் பழைய படம்தான் கைகொடுக்கும். படத்தில் இல்லை என்பதால் செல்களும் போய்விட்டன என்று நினைக்காதீர்கள்.

திறந்த அறுவைக்கு 'டி' வடிவ லீனியர் புரோப் அல்லது விரல்களுக்கு இடையில் பிடிக்கும் சின்ன வளைந்த புரோப் வரும். 5 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். சாதாரணமாக 7 அல்லது 7.5-இல் தொடங்குங்கள், கொழுப்பேறிய கல்லீரலில் 5-க்கு இறக்குங்கள். ஆழத்தை முதலில் 8 முதல் 10 செ.மீ. வையுங்கள், இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும், பின்புறத்துக் கீழ்ப் பெருஞ்சிரை திரைக்குள் வரவேண்டும். கட்டியை அளக்கும்போது 5 செ.மீ. அளவுக்குக் குறையுங்கள், போகஸைக் கட்டியின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

உறை போடும்போதுதான் பாதிப் படங்கள் கெடுகின்றன. உறைக்குள் ஸ்டெரைல் ஜெல் ஒரு தேக்கரண்டி போதும். புரோப்பின் முகத்தில் உறையை விரலால் நீவிக் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ரப்பர் பேண்டை மாட்டுங்கள். ஒரு குமிழி தங்கினாலும் திரையில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டை விழும், அதைப் புதியவர் நிழல் தரும் கல் என்று எண்ணிக்கொள்வார். கல்லீரலின் மேல் ஜெல் வேண்டாம், வெதுவெதுப்பான சலைன் போதும். கேபிளை முனை கூரான டவல் கிளிப்பால் துணியோடு கவ்வாதீர்கள். உள்ளே இருக்கும் கம்பி அறுந்தால் படத்தில் நிரந்தரமாக ஒரு கோடு காணாமல் போகும்.

டயதெர்மி (மின்சாரத்தால் வெட்டிச் சுடும் கருவி) ஓடும்போது திரை முழுக்கக் கோடுகள் பாயும். ஸ்கேன் செய்யும் நேரத்தில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். மேல்விளக்கைக் கொஞ்சம் மங்க வையுங்கள். திரை, புரோப் பிடிப்பவரின் கண்ணுக்கு நேராக, நோயாளியின் மறுபக்கத்தில் இருக்கட்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தால் கை நகர்ந்துவிடும்.

முதல் சுற்று: குழாய்கள் மட்டும்

புரோப்பின் ஒரு முனையை விரலால் தட்டிப் பாருங்கள். திரையில் அசையும் பக்கம் நோயாளியின் வலமா இடமா என்பது தெளிவாகாமல் அடுத்த அடி வைக்க வேண்டாம். இடவலம் மாறிய படத்தை வைத்து 4-ஆம் செக்மென்டை 5 என்று சொன்னவர்கள் உண்டு.

கல்லீரலை வயிற்றுச் சுவரோடு இணைக்கும் உருண்டைத் தசைநாரையும் அரிவாள் தசைநாரையும் வெட்டியபின், கல்லீரலை விடுவிப்பதற்கு முன், முதல் ஸ்கேன். விடுவித்துவிட்டால் பின்னால் காற்று புகும், வடிவமும் மாறும். கல்லீரலின் உச்சியில், கீழ்ப் பெருஞ்சிரைக்கு முன்னால் புரோப்பை வைத்துப் பின்னோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். மூன்று கல்லீரல் சிரைகள் பெருஞ்சிரையில் வந்து சேர்வது தெரியும். நடுச்சிரையும் இடச்சிரையும் பெரும்பாலானவர்களிடம் ஒரே தண்டாகச் சேர்ந்துதான் பெருஞ்சிரைக்குள் போகும். அங்கிருந்து ஒவ்வொன்றையும் கீழ்நோக்கித் தொடருங்கள். தூக்கித் தூக்கி வைக்காமல், ஒரே இடத்தில் வைத்துச் சாய்த்தும் சுழற்றியும் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

அழுத்தாதீர்கள். புதியவர் கையில் சிரைகள் மறைந்துபோவதற்கு முதல் காரணம் இதுதான். கல்லீரல் சிரைகளின் சுவர் மெல்லியது, புரோப்பின் எடையே அவற்றைச் சப்பையாக்கிவிடும். இரத்தக் கசிவைக் குறைக்க மயக்க மருத்துவர் மைய சிரை அழுத்தத்தை 5 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே வைத்திருப்பார். அப்போது இன்னும் ஒல்லியாகத் தெரியும். சிரை காணோமென்றால் முதலில் கையைத் தளர்த்துங்கள்.

குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் கிளைகளைச் சுற்றிக் கிளிசன் உறை என்ற நார்ப்படலம் இருப்பதால் அவற்றின் சுவர் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். கல்லீரல் சிரைக்கு அந்த வெள்ளைக் கரை கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே பாதி வழி கண்டுபிடித்துவிடலாம். இடப்பக்கத்தில் போர்ட்டல் சிரை முன்னோக்கி வளைந்து தொப்புள் பகுதியாகும். அதன் இடப்புறம் 2-க்கும் 3-க்கும், வலப்புறம் 4-க்கும் கிளைகள் போகும். வலப்பக்கத்தில் முன்கிளை 5, 8-க்கும், பின்கிளை 6, 7-க்கும். முன்பின் கிளைகளுக்கு நடுவே ஓடுவது வலக் கல்லீரல் சிரை. வலது இடது பாதிகளைப் பிரிப்பது நடுச்சிரை. பிரெஞ்சு உடற்கூறியலாளர் குயினோ 1957-இல் வகுத்த எட்டுச் செக்மென்ட்களும் இந்தக் குழாய்களை வைத்துத்தான். அவற்றை உயிருள்ள கல்லீரலுக்குள் அறுவையின்போதே பார்த்து, ஒரு செக்மென்டை மட்டும் எடுக்கலாம் என்று வழி காட்டியவர் ஜப்பானின் மசதோஷி மகூச்சி.

இரண்டு மாறுபாடுகளைத் தவறாமல் தேடுங்கள். ஒன்று, வல முன்கிளை இடப் போர்ட்டல் சிரையிலிருந்து கிளம்புவது. இது தெரியாமல் இடப் போர்ட்டல் சிரையைத் தொடக்கத்திலேயே கட்டினால், மீதி வைக்கவேண்டிய வலப்பக்கத்தில் பாதிக்கு இரத்தம் போகாது. இன்னொன்று, 6-ஆம் செக்மென்டிலிருந்து நேராகப் பெருஞ்சிரைக்குப் போகும் கீழ் வலச் சிரை. அது தடிமனாக இருந்தால், வலக் கல்லீரல் சிரையை இழக்க வேண்டி வந்தாலும் 5, 6-ஐக் காப்பாற்ற இடமுண்டு. கெட்ட செய்தியை மட்டும் தேடாமல் இதையும் சொல்லுங்கள். சர்ஜனுக்குத் திட்டத்தையே மாற்ற உதவும்.

சிரைகளுக்குள்ளேயும் பாருங்கள். கல்லீரலில் தோன்றும் புற்றுநோய்க்குப் போர்ட்டல் கிளைக்குள் வளர்ந்து போகும் பழக்கம் உண்டு. குழாய்க்குள் சாம்பல் நிறத்தில் ஏதாவது அடைத்திருந்தால், அதனுள் டாப்ளரில் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் முறை) தமனித் துடிப்பு வருகிறதா பாருங்கள். வந்தால் அது வெறும் உறைந்த இரத்தமல்ல, கட்டியே.

இரண்டாவது சுற்று: கட்டி

இப்போதுதான் கட்டி. களத்தைப் பெருக்குவதுபோல வரிசையாகப் போங்கள், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் மேல் கொஞ்சம் ஏறட்டும். 2, 3, பிறகு 4, பிறகு 5, 8, பிறகு 6, 7, கடைசியில் பெருஞ்சிரைக்கு முன்னால் ஒளிந்திருக்கும் 1. விட்டுப்போகும் இடங்கள் எப்போதும் அவையே: 7, 8-இன் கூரை, 1, இடது ஓரம், உருண்டைத் தசைநாரின் அடி.

புரோப்புக்கு நேர் கீழே முதல் ஒரு செ.மீ. தெளிவாகத் தெரியாது. மேற்பரப்பை ஒட்டிய சின்னக் கட்டி அங்கே ஒளிந்துகொள்ளும். சலைன் நிரப்பிய கையுறையை இடையில் வையுங்கள், அல்லது எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். விரலால் தடவியும் பாருங்கள். மேலே இருப்பதைக் கை கண்டுபிடிக்கும், ஆழத்தில் இருப்பதைப் புரோப் கண்டுபிடிக்கும்.

நீர்க்கட்டி முழுக் கறுப்பு, பின்னால் வெளிச்சம் கூடும். இரத்தநாளக் கட்டி வெள்ளை, மெல்ல அழுத்தினால் நசுங்கும். கொழுப்பேறிய கல்லீரலில் அதுவே கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். பெருங்குடலிலிருந்து பரவியது பெரும்பாலும் கறுப்பு, சுற்றி ஒரு வளையம், சில நேரம் நடுவில் வெள்ளை. கீமோவுக்குப் பின் சுண்ணாம்பு படிந்து நிழல் தரும். கல்லீரலின் சொந்தப் புற்றுநோய் சிறியதாக இருக்கும்போது கறுப்பு, பெரிதானதும் உள்ளே பல நிறத் துண்டுகளாக, சுற்றி மெல்லிய கறுப்பு உறையோடு. பித்தப்பையை ஒட்டியும் 4-இன் முன்பக்கத்திலும் கொழுப்பு சேராத ஒரு திட்டு கறுப்பாக இருக்கும். அது குழாய்களைத் தள்ளாது, வளைக்காது. குழாய் அதன் ஊடே நேராகப் போனால் பயப்பட வேண்டாம்.

எல்லாவற்றையும் இரண்டு திசைகளில் பாருங்கள். ஒரு திசையில் உருண்டையாகத் தெரிந்தது மறுதிசையில் நீண்டால் அது குழாய்.

முடிச்சு விழுந்த கல்லீரலில் இந்த அடையாளங்கள் போதாமல் போகும்போது கான்ட்ராஸ்ட், அதாவது படத்தில் இரத்தம் பளிச்சென்று தெரியவைக்கும் நுண்குமிழி மருந்து. சோனோவியூ 2.4 மி.லி. சிரையில் கொடுத்து, பின்னாலேயே சலைன் தள்ளுவார்கள். 20 கேஜைவிட மெல்லிய ஊசி வேண்டாம், குமிழிகள் உடையும். அரை நிமிடத்துக்குள் தமனிக் கட்டம், 2 நிமிடத்துக்குப் பிறகு பிந்தைய கட்டம். சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் முழுக் கல்லீரலையும் பார்க்க நேரம் போதாது. சந்தேகப்பட்ட முடிச்சின்மேல் புரோப்பை முதலிலேயே வைத்துவிட்டுத்தான் கொடுக்கச் சொல்ல வேண்டும். இன்னொரு கான்ட்ராஸ்டான சோனாஸாய்ட், அந்நியப் பொருளை விழுங்கும் கல்லீரலின் குப்ஃபர் செல்களுக்குள் போய்த் தங்கும். 10 நிமிடத்துக்குப் பிறகு நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம். குப்ஃபர் செல் இல்லாத புற்றுநோய் ஓட்டைபோலக் கறுப்பாக நிற்கும். நன்கு முதிர்ந்த செல்களைக் கொண்ட கட்டி சிலவேளை கறுக்காது, அதையும் நினைவில் வையுங்கள். அளவு கிலோவுக்கு 0.015 மி.லி.; 60 கிலோ எடைக்கு 0.9 மி.லி. அதில் முட்டையிலிருந்து எடுத்த பொருள் இருப்பதால் முட்டை ஒவ்வாமை உண்டா என்று டைம்-அவுட்டிலேயே (கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் சேர்ந்து சரிபார்க்கும் நேரம்) கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் மெக்கானிக்கல் இன்டெக்ஸ் (ஒலியின் வலிமையைக் காட்டும் எண்) 0.2-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கட்டும். கூட்டினால் நீங்கள் பார்ப்பதற்குள் குமிழிகளை நீங்களே உடைத்துவிடுவீர்கள்.

வெட்டுக்கோடு

டயதெர்மி முனையைப் புரோப்புக்கும் கல்லீரலுக்கும் நடுவே நுழைத்து வையுங்கள். திரையில் மேலிருந்து ஒரு கறுப்பு நிழல் இறங்கும். அந்த நிழல் கட்டியின் ஓரத்திலிருந்து வேண்டிய தூரம் தள்ளி விழும்வரை முனையை நகர்த்தி, அங்கே ஒரு புள்ளி சுட்டுவையுங்கள். கட்டியைச் சுற்றி இப்படிப் புள்ளிகள் வைத்து இணைத்தால் கோடு. கல்லீரலின் பின்பக்கத்திலிருந்து இடக்கை விரல்நுனியால் அழுத்தினால் அதுவும் திரையில் தெரியும். வெட்டு எங்கே வெளியேற வேண்டும் என்பதை அப்படித்தான் முடிவு செய்வார்கள்.

பெருங்குடலிலிருந்து பரவியதற்கு 1 செ.மீ. ஓரம் கிடைத்தால் நல்லது. குழாய் குறுக்கிட்டால் 1 மி.மீ. சுத்தமான ஓரமும் ஏற்கத்தக்கது. கல்லீரலின் சொந்தப் புற்றுநோய் போர்ட்டல் கிளை வழியே பரவுவதால், முடிந்தவரை அந்தக் கிளை ஊட்டும் பகுதியை முழுசாக எடுப்பார்கள். எல்லையைக் காட்ட மகூச்சியின் பழைய வழி: புரோப்பால் பார்த்துக்கொண்டே 22 கேஜ் ஊசியால் போர்ட்டல் கிளையைக் குத்தி, இண்டிகோ கார்மைன் 5 மி.லி. செலுத்துவது, அந்தப் பகுதி மட்டும் நீலமாகும். இப்போது கிளையைக் கவ்விவிட்டு ஐசிஜி என்ற ஒளிரும் சாயம் 2.5 மி.கி. சிரையில் கொடுத்து, ஒளிராத பகுதியைக் கேமராவில் பார்ப்பது அதிகம்.

வெட்டத் தொடங்கியபின் புரோப்பை மூட்டை கட்டிவிடுகிறார்கள், பெரிய தவறு. தளம் மெல்லக் கட்டியை நோக்கிச் சாய்வது கண்ணுக்குத் தெரியாது. சில செ.மீ. இறங்கியதும் நிறுத்திப் பாருங்கள். வெட்டிய பிளவு காற்றாலும் இரத்தத்தாலும் வெள்ளைக் கோடாகத் தெரியும். தெரியாவிட்டால் ஈரத் துணி ஒன்றை உள்ளே வையுங்கள். ஒரு கிளையைக் கட்டுவதற்கு முன் நூலைச் சுற்றி மெல்ல இழுங்கள், திரையில் எந்தக் கிளை அசைகிறது என்று பார்த்துவிட்டுக் கட்டலாம். கல்லீரலுக்குள் வரும் இரத்தத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் பிரிங்கிள் கவ்வல் 15 நிமிடம் போட்டு 5 நிமிடம் தளர்த்தும் முறையில் நடக்கும். கவ்வியிருக்கும்போது டாப்ளரில் போர்ட்டல் ஓட்டம் இருக்காது, பதறி அறிவிக்காதீர்கள். தளர்த்தியிருக்கும் 5 நிமிடமே டாப்ளருக்கான நேரம்.

எடுத்த துண்டைச் சலைன் கிண்ணத்தில் போட்டு அதன்மேலும் ஒருமுறை ஸ்கேன் செய்து ஓரத்தைப் பாருங்கள். ஸ்க்ரப் தாதி கிண்ணத்தை முன்பே வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. மூடுவதற்கு முன், மீதிக் கல்லீரலில் போர்ட்டல் சிரை, தமனி, கல்லீரல் சிரை மூன்றிலும் ஓட்டம். அலைபோல ஏறி இறங்கவேண்டிய கல்லீரல் சிரையின் வரைவு தட்டையாகிவிட்டால், கல்லீரல் திரும்பி மடங்கி வழி நெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரிவாள் தசைநாரைத் திரும்பத் தைத்து நிலைநிறுத்தினாலே பலசமயம் சரியாகிவிடும்.

எரித்து அழிக்கும் சிகிச்சையும் சேர்ந்திருந்தால் ஒரு விதி: ஆழத்தில் இருப்பதை முதலில் எரியுங்கள். சூட்டில் கிளம்பும் வாயு வெள்ளை மேகமாகப் பரவி, தனக்குக் கீழே உள்ளதையெல்லாம் மறைத்துவிடும்.

லேப்ராஸ்கோப்பி

வயிற்றைத் திறக்காமல் சின்னத் துளைகள் வழியே செய்யும் அறுவையில், நுனி வளையும் புரோப், 12 மி.மீ. போர்ட் (துளையில் வைக்கும் குழாய்) வழியே. ஒரே போர்ட்டில் எல்லாச் செக்மென்டும் கிடைக்காது. தொப்புள் பக்கத்திலிருந்து ஒருமுறை, வல விலாவின் கீழிருந்து ஒருமுறை. கையால் தடவிப் பார்க்க முடியாததால் மேற்பரப்புக் கட்டிகள் நழுவும். வயிற்றுக்குள் வாயு இருப்பதால் பரப்பு காய்ந்தவுடன் படம் போய்விடும், சலைன் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாயு அழுத்தம் சிரைகளையும் சப்பையாக்கும். வளையும் நுனியை நேராக்காமல் போர்ட்டிலிருந்து இழுத்தால் மூட்டு உடையும். ரிப்பேர் பில்லைப் பார்த்தால் யாரும் இரண்டாம் முறை செய்யமாட்டார்கள்.

கணையம், குடல்

கணையத் தலையில் புரோப்பின் வேலை ஒரே கேள்வி: கட்டிக்கும் மேல் குடலிடைச் சிரை, தமனிக்கும் நடுவே வெள்ளைக் கொழுப்புக் கோடு இருக்கிறதா, அழிந்துவிட்டதா. இன்சுலின் சுரக்கும் கணையக் கட்டியான இன்சுலினோமாவில் புரோப் பெரிய உதவி. சின்னக் கறுப்பு உருண்டை, நன்கு வரையறுத்த ஓரம். முக்கியக் கணைய நாளத்திலிருந்து 2, 3 மி.மீ. தள்ளி இருந்தால்தான் அதை மட்டும் தோண்டி எடுக்கலாம். ஒட்டியிருந்தால் நாளம் கிழிந்து கசியும். குடல் அல்லது இரைப்பைக் கட்டிக்காக வயிற்றைத் திறந்தவர்களிடமும் கல்லீரலை ஒரு சுற்றுப் பார்ப்பது நல்ல வழக்கம்.

முடிந்தபின்

ஒவ்வொரு கட்டிக்கும் இரண்டு திசைப் படமும் அளவும் சேமித்து, முதல்நாள் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். புதிதாகக் கண்டது, காணாமல் போனது இரண்டும் அறுவைக் குறிப்பில் ஏறவேண்டும். உறையைக் கழற்றியதும் கிழிசல் இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். புரோப்பில் ஜெல் காய்வதற்குள் ஈரத் துணியால் துடையுங்கள். ஆட்டோகிளேவில் போடவே கூடாது, சூடு படிகங்களைப் பிரித்துவிடும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு பிளாஸ்மா தாங்குமா என்பது மாடலுக்கு மாடல் வேறு. தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துவிட்டுக் கிருமிநீக்கப் பிரிவுக்கு அனுப்புங்கள், கேபிளைப் பெரிய வளையமாகச் சுற்றி.